வாட்டம் வைத்த தரை

ஏழுமலை,

உன் டிரங்குப் பெட்டியில் கலாவின் புடவைகளுக்கும் உன் இழைப்புளிக்கும் நடுவில் இந்தக் காகிதத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பினாங்கு போய்ப் பெட்டியைத் திறக்கும்போதுதான் நீ பார்ப்பாய். இதை எழுதுவது உன் அக்கா செல்வி. சொல்வது நான். நான் "கீது" என்றால் அவள் "இருக்கிறது" என்று எழுதுகிறாள். பள்ளிக்கூடம் போனவள், அப்படித்தான் எழுதுவாள். இது நைனா பேச்சு மாதிரி இல்லையே என்று நினைக்காதே. பேச்சு என்னுடையதுதான், மேலே போட்ட சட்டைதான் அவளுடையது.

உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். சொல்லிப் பத்து வருஷம் ஆகிறது. நீ ஊரை விட்டுப் போவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தேன், முகத்துக்கு நேராக வரவில்லை. போன வாரம் கன்னியம்மா திருவிழாவில் ஆசான் உன்னைக் கூப்பிட்டு, "ஏழுமலை, வா, பொய் போட்டுப் பாத்துட்டு கெளம்பு" என்றார் அல்லவா? நீ சிரித்துக்கொண்டே, "வேணாம் ஆசான். இந்தத் தபா பொய்யே வேணாம். நானும் கலாவும் பேசி முடிவு பண்ணிட்டோம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் அண்டாப் பக்கம் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒரு அம்மா, "இன்னா மேஸ்திரி, எனக்கு மட்டும் அளந்து ஊத்தறே" என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும். நேராக விஷயத்துக்கு வா என்கிறாள் செல்வி. எனக்கு அப்படி வராது. சுவர் எழுப்புகிறவனுக்கு அஸ்திவாரத்திலிருந்துதான் சொல்ல வரும்.

நாம் வெள்ளானூரை விட்டுக் கள்ளிக்குப்பம் வந்தபோது நீ இடுப்புக் குழந்தை. அப்போது இந்தத் தெருவில் பாதி காலி மனை, பாதி கருவேல முள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் ஒரு பத்து வீடு, ஆவடி பாக்டரியில் வேலை செய்கிற தெற்கத்திக்காரர்கள் ஒரு ஆறேழு வீடு, நடுவில் நாம். பர்மாக்காரர்களில் ஒருத்தர் சீனாக்காரர். ரங்கூனில் நம்ம தமிழ்ப் பெண் தனத்தைக் கட்டிக்கொண்டு, அவளை எல்லோரோடும் சேர்த்துக் கப்பல் ஏற்றியபோது தானும் ஏறிவிட்டவர். பேர் ஆ சான். தெரு அவரை ஆசான் ஆக்கிவிட்டது. அவரும் விட்டுவிட்டார். அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டி போட்டு அத்தோ விற்றார். அந்த மஞ்சள் நூடுல்ஸைக் கையால் பிசைந்து கொடுப்பாரே, உனக்கு மட்டும் வறுத்த பூண்டை ஒரு பிடி அதிகமாகப் போடுவாரே, அது நான் சொல்லாமலே உனக்கு நினைவிருக்கும்.

ஒரு நாள் அந்த மனுஷன் என்னிடம் வந்து, வீட்டுக்குப் பின்னால் சாமிக்குப் பத்துக்குப் பத்தில் ஒரு அறை கட்ட வேண்டும் என்றார். என்ன சாமி என்று கேட்டேன். "குவானிம்மா" என்றார். என் காதில் கன்னியம்மா என்று விழுந்தது. வேறு எப்படி விழும்? வெள்ளானூர் ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் ஏழு செங்கல் நட்டுக் கன்னியம்மா என்று கும்பிட்ட குடும்பம் நம்முடையது. போய்ப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் ஒரு அம்மா, முக்காடு போட்டு நிற்கிறாள். ஒரு கையில் சின்ன சொம்பு, இன்னொரு கையில் இலைக்கொத்து. வேப்பிலை என்று முடிவு கட்டிவிட்டேன். அது அவர்கள் ஊர் ஏதோ ஆற்றங்கரை மரத்து இலை என்று பின்னால்தான் தெரிந்தது. சீனாவிலும் நம்ம கன்னியம்மா இருக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "இருப்பா. ஏழு பேருல ஒருத்தி கப்பல் ஏறிப் போயிருப்பா" என்றாள்.

கன்னியம்மா என்றால் சேவல் அறுப்போம். அறுத்தால் ரத்தம், ரத்தம் என்றால் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதனால் நான் என்ன செய்தேன், அந்த அறைத் தரைக்கு வாட்டம் வைத்தேன். சாமி பீடத்தை நோக்கிப் பத்தடிக்கு மூன்று விரக்கடை சரிவு, பீடத்தடியில் மூலையில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. ஆசான் ஓட்டையைப் பார்த்து, "இது இன்னாத்துக்கு மேஸ்திரி?" என்றார். "கழுவத்தான்" என்றேன். அவரும் சுத்தத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். ஒருத்தருக்கொருத்தர் நன்றாகப் புரிந்துவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். அந்த வாட்டத்தை மனதில் வைத்துக்கொள். அதுதான் பின்னால் வரப்போகிறது.

ஆடி மாசம், அமாவாசை கழிந்து பத்தொன்பதாம் நாள் அவளுக்குத் திருவிழா. முதல் வருஷம் நான் வெள்ளானூர் போய் நல்ல கறுப்புச் சேவல் ஒன்றைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் சேவலுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான், அது ஒரு தனிக் கதை. உள்ளே போனால் சிவப்புக் காகித விளக்கு, ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு தட்டு நிறைய வெறும் நூடுல்ஸ். வெங்காயம்கூட இல்லை. ஆசான் சேவலைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த கத்தியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. தனம் அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யோவ் மேஸ்திரி, இவ உசுரு குடுக்கறவய்யா, வாங்கறவ இல்ல" என்றாள். ஆசான் என் கையிலிருந்து சேவலை வாங்கி, காலில் சிவப்பு நூல் கட்டி, அம்மா முன்னால் ஒரு தரம் காட்டி, தெருவில் விட்டுவிட்டார். உயிரை விடுவிப்பது அவளுக்குப் பெரிய பூசையாம். அந்தச் சேவல் நாலு வருஷம் இருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் கூவும். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற மதுரைக்காரர் வந்து, "உங்க சாமி பொழைக்க வச்ச சேவ என்னயக் கொல்லுதுய்யா" என்பார். ஆடி மாசம் என்பதால் நம் தெருப் பெண்கள் கூழ் கொண்டுவந்து வைத்தார்கள். சீனத்து அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து கூழும் நூடுல்ஸும் ஒன்றாகத்தான் நடக்கிறது.

இப்போது பொய்க்கு வருகிறேன். மாங்கொட்டையை இரண்டாகப் பிளந்த மாதிரி அந்த இரண்டு மரத்துண்டு. ஒரு பக்கம் சப்பை, ஒரு பக்கம் உப்பல். அதை ஆசான் "ப்போய்" என்று மூக்கால் ஒரு மாதிரி சொல்வார். நம் வாயில் அது பொய் ஆனது. கேட்க வேண்டியதைச் சாமியிடம் கேட்டுவிட்டு இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சரி என்கிறாள். இரண்டும் குப்புற விழுந்தால் வேண்டாம். இரண்டும் மல்லாந்து சப்பையைக் காட்டினால் சிரிக்கிறாள், மறுபடி கேள் என்று அர்த்தம். பெரிய காரியம் என்றால் தொடர்ந்து மூன்று தரம் சரி விழ வேண்டும். தெருவே வந்து பொய் போட்டுப் பார்த்தது. மதுரைக்காரர்கூட, "எங்கூர்ல பூக்கட்டிப் பாப்பாக, இங்க பொய் போட்டு உண்மையக் கேக்குறாக" என்று சொல்லிக்கொண்டே வந்து மகளுக்கு வரன் கேட்டார்.

உனக்குப் பதினெட்டு வயசு. ஒரகடத்து ஆசாரியிடம் இரண்டு வருஷமாக லீவு நாளில் எல்லாம் போய் மரவேலை கற்றுக்கொண்டிருந்தாய். ஆசானின் தம்பி பினாங்கில் மரப்பட்டறை வைத்திருந்தார். சாமி மாடம், கதவு, செதுக்கு வேலை. கைவேலை தெரிந்த பையன் இருந்தால் அனுப்பு, கூட வைத்துக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர் எழுதினார். ஆசான் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார். உன் முகத்தை நான் அன்று பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம். "நைனா, போவட்டா?" என்றாய். "அம்மாவ கேப்போம். திருவிழா வருதில்ல" என்றேன். நல்ல அப்பன் மாதிரிதான் சொன்னேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு ஓடியது. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. மேஸ்திரி வேலையில் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று நான் உனக்குக்கூடச் சொன்னதில்லை. குடிசை போய் மாடி வீடு வர ஆரம்பித்த காலம். பாக்டரிக்காரர்கள் இஞ்சினியரிடம் பிளான் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐந்தாவது படிக்கும்போதிலிருந்து சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து உன்னைக் கூட்டிப்போவேன். நீ பிளானைப் பார்த்து, "இங்க ஜன்னல் நாலடி நைனா, இங்க கதவு மூணடி" என்று காதில் சொல்வாய். நான் சத்தமாக ஆட்களுக்குச் சொல்வேன். ஒரு நாள் வீட்டுக்காரர் எதிரில் நான் பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ, "வெளிச்சம் படல நைனா" என்று சொல்லி அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தாய். உனக்கு அப்போது பத்து வயசு. என் மானத்தை நீ காப்பாற்றியது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ போய்விட்டால் எனக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்பதுதான் என் பயம். வயசுக்கு வந்த செல்வியை நான் வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிப்போவதில்லை. கடல் தாண்டிப் போகிறான், ஒரே ஆம்பளைப் பிள்ளை என்று உன் அம்மாவிடம் புலம்பியது எல்லாம் வெளிப்பூச்சு.

திருவிழா அன்று உனக்காக நான் பொய் போட்டேன். பெற்றவன் போடலாம் என்றார் ஆசான். முதல் தரம் சரி. இரண்டாம் தரம் சரி. பின்னால் நின்றிருந்த நீ மூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது. மூன்றாவது தரம் போட்டேன். ஒன்று என் காலடியில் குப்புற விழுந்தது. இன்னொன்று விழுந்து உருண்டது. தரையில்தான் வாட்டம் இருக்கிறதே. உருண்டு பீடத்துத் திரைத்துணிக்குக் கீழே, நான் வெட்டிய அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான்தான் குனிந்தேன். துணியைத் தூக்கிப் பார்த்தேன். மல்லாந்திருந்தது, ஏழுமலை. சப்பைப் பக்கம் மேலே, நெய் தடவின மாதிரி பளபளவென்று. அவள் மூன்று தரமும் போ என்றுதான் சொன்னாள். "இன்னா விழுந்துச்சு மேஸ்திரி?" என்றார் ஆசான். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, "ரெண்டும் குப்புற" என்றேன்.

செல்வி பேனாவை வைத்துவிட்டாள். "நைனா, அவன் அன்னிக்கு சாப்புடவே இல்ல, உனக்கு தெரியுமா?" என்கிறாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா?" என்கிறாள். அதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

"சரி நைனா, அம்மாவே வேணான்ட்டா" என்றாய். ஆசான் மட்டும் என் கையை விரித்து அந்தத் துண்டை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேஸ்திரி, மரத்துக்கு வாய் கெடயாது. பாக்கறவன்தான் பேசணும்" என்றார். அவருக்குத் தெரியும் என்று அன்றே எனக்குப் பட்டது. அப்புறம் வருஷத்துச் சட்டி யாருக்கு என்று கேட்கும் சடங்கு நடந்தது. ஊதுவத்தி நடுகிற அந்தச் சாம்பல் சட்டியை ஒரு வருஷம் யார் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது என்று ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லிப் பொய் போடுவார்கள். யாருக்கு அதிகத் தரம் தொடர்ந்து சரி விழுகிறதோ அவர்தான் சட்டிக்காரர். ஆசானுக்கு ஒன்று. மதுரைக்காரருக்கு இரண்டு. எனக்கு ஐந்து. ஐந்து தரமும் ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற. எல்லோரும், "மேஸ்திரிக்கு கொடுப்பினை" என்றார்கள். ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சாம்பலோடு அந்தச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தபோது எனக்குத்தான் தெரியும் அதன் கனம்.

ஒரு வருஷம், தினம் காலையில் குளித்துவிட்டு அதில் மூன்று ஊதுவத்தி நட வேண்டும். நட்டுவிட்டுத் திரும்பினால் நீ பல் தேய்த்துக்கொண்டு நிற்பாய். சாமி என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த வருஷம்தான் நான் உன்னிடம், "எனக்கு பிளான் பாக்க கத்துக்குடுடா" என்று கேட்டேன். நினைவிருக்கிறதா? மணலைக் கொட்டிப் பரப்பி, குச்சியால் கோடு போட்டு, இது சுவர், இது கதவு திறக்கிற வளைவு, இது ஒன்று, இது இரண்டு, இது அ, இது ஆ என்று சொல்லிக்கொடுத்தாய். ஆறையும் ஒன்பதையும் நான் மாற்றி மாற்றிச் சொல்வேன். "நைனா, ஆறுக்கு தொப்பை கீழ, ஒம்போதுக்கு தல பெரிசு" என்பாய். அடுத்த ஆடிக்குள் நானே பிளானைச் சரியாகப் பிடித்தேன். உன்னை அனுப்பாமல் நிறுத்திவைத்த காரணம் ஒரே வருஷத்தில் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அதற்குள் பினாங்கில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். நானும் வாயைத் திறக்கவில்லை.

நீ சும்மா இருக்கவில்லை. நான் கட்டிய வீட்டுக்கெல்லாம் நீ கதவு செய்தாய். கள்ளிக்குப்பத்திலிருந்து ஆவடி வரை எந்தத் தெருவில் போனாலும் உன் கதவு ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பாத கதவு. நான் சில நேரம் சைக்கிளை நிறுத்தி, யாரும் பார்க்காதபோது தொட்டுவிட்டு வருவேன். அதனால் நடந்தது எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அது இன்னொரு பொய் ஆகிவிடும். உன் பத்து வருஷம் உன்னுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன். நீ எதையாவது கட்டியிருந்தால் அது உன் கை, என் நல்ல எண்ணம் இல்லை.

இப்போது ஆசானின் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார், அவர் மகன்கள் யாரும் உளியைத் தொடவில்லையாம். உனக்கு இருபத்தெட்டு. கல்யாணமாகிக் கலா வேறு வந்துவிட்டாள். சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, சிலது சொல்கிறேன். அங்கே உன் பேரை அவர்கள் வாய்க்கு வந்தபடி கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். ஆ சான் ஆசான் ஆகி அவர் குறைந்துபோகவில்லை. தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடு. தெரிந்த மாதிரி நிற்கிறவன்தான் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொள்கிறான். கலாவிடம் கேட்டு முடிவு பண்ணினாய் பார், அதை விடாதே. உங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதன் கண்ணை நீ கடன் வாங்காதே. அந்த ஊரில் நம்ம கன்னியம்மாவுக்குப் பெரிய பெரிய கோயில் இருக்கிறதாம், ஆசான் சொன்னார். போ. சேவல் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே.

போன வாரம் திருவிழா முடிந்த மறுநாள் நான் அந்த அறைத் தரையைக் கொத்தினேன் அல்லவா? நீ வந்து, "இன்னா நைனா, நல்லா கீற தரைய ஒடைக்கிறே?" என்றாய். "வாட்டம் சரியில்ல" என்றேன். நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கலவை போட்டுக் கொடுத்தாய். நூலின் மறுமுனையைப் பிடித்தாய். அந்த ஓட்டையை அடைத்தோம். கடைசியில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறவரை பார்த்து, "இப்ப மட்டமா கீது நைனா" என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். கரணையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலையில் தரை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். உள்ளே யாரும் இல்லை. பொய்யைக் கையில் எடுத்து, இவன் என்னை மன்னிப்பானா என்று கேட்டுப் போட்டேன். உருளவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றது. இரண்டும் மல்லாந்து. சிரிக்கிறாள். வாசலில் ஆசான் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. "இன்னா விழுந்துச்சு மேஸ்திரி?" என்று கேட்டார். பத்து வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் அந்தக் கேள்வி.

"ரெண்டும் மல்லாக்க, ஆசான். சிரிக்கிறா" என்றேன்.

"மறுபடி கேளு" என்றார்.

நான் மறுபடி போடவில்லை. இரண்டையும் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து செல்வியை உட்காரவைத்தேன். கேட்க வேண்டியது அவளிடம் இல்லை என்றுதானே சிரிக்கிறாள். உன்னிடம் கேட்கிறேன், ஏழுமலை. பதிலை நீ மெதுவாகச் சொல். செல்விக்கு எழுத வேண்டாம், எனக்கே எழுது. பெரிய எழுத்தாக, நாலே வார்த்தையாக இருந்தால் நானே கூட்டிப் படித்துவிடுவேன். காகிதத்தை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

நைனா